விட்டுப்போன முறுக்கு

இரண்டாவது குண்டூசியைப் பிடுங்கிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே தங்கைக்கு உறைத்தது. அடுத்த அறையில் அக்காவைக் கிடத்தியிருக்கிறார்கள். இவளோ இங்கே உட்கார்ந்து, அக்கா நேற்றுக் காலை விட்ட பிழையைப் பழக்க தோஷத்தில் பிரிக்கப் பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது. ஊசிகளை அதே துளைகளில் திரும்பக் குத்தினாள்.

ஒரு வருஷமாக நடந்த திருட்டு வேலை இது. அக்கா லேஸ் பின்னுகிறவள். கெட்டித் திண்டின்மேல் மாதிரித் தாளை விரித்து, புள்ளிக்கு ஒரு குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாகக் குறுக்கே மாற்றி முறுக்கிக்கொண்டே போகவேண்டும். ஒரு முறுக்கு விட்டுப்போனால் அந்த இடம் ஓட்டையாகப் பல்லிளிக்கும். அக்காவுக்கு முறுக்குகள் விட்டுப்போகத் தொடங்கின. மதியம் அவள் கண்ணயரும் நேரத்தில் தங்கை ஊசி ஊசியாகப் பின்னோக்கிப் பிரித்து, சரியாகப் பின்னி வைத்துவிடுவாள். அக்கா எழுந்து வந்து தடவிப் பார்த்து, தன் கண்ணைக் குறைசொன்னவர்களுக்குத்தான் கண் கெட்டுவிட்டது என்று பீற்றிக்கொள்வாள். அந்தப் பெருமையைப் பார்க்கத் தங்கைக்கு ஆசை. அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன்பு அக்கா மகன் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வந்தான். லேஸில் ஒரே ஒரு பிழை காட்டு, வருகிறேன் என்றாள் அக்கா. அவன் சித்தியைப் பார்த்தான். சித்தி வாயைத் திறக்கவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, மாடியிலிருந்து இறங்கும்போது, இன்னொரு படி இருப்பது தெரியாமல் அக்கா காலை வைத்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அக்காவின் கைத்திறமையையே சொன்னார்கள். லேஸ் வாங்கும் கடைக்காரம்மா, கடைசிவரை ஒரு பிசகு கிடையாது என்று அழுதாள். ஒவ்வொரு பாராட்டும் தங்கையின் தலையில் குட்டு மாதிரி விழுந்தது.

அக்கா மகன் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பட்டப்பகல்ல படி தெரியலையா சித்தி? அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

ஆமாம் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அவள் திண்டை அவன் பக்கம் திருப்பினாள். கடைசி நான்கு வரிசைகளிலும் ஓட்டைகள். ஊரே பார்த்துச் சிரிக்கும்போல இருந்தது அவளுக்கு. அங்கே தொட்டுக் காட்டினாள்.

"இது நேத்து உங்கம்மா பின்னினது. இதுல மட்டும் நான் கை வைக்கல. நல்லாப் பாரு."

அவன் குனிந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"எவ்வளவு அழகா இருக்கு, ஒரு பிசகுகூட இல்ல," என்றான். "அம்மா கூடவே வெச்சிடலாம் சித்தி. வெட்டிக் குடுங்க."

கத்தரிக்கோலை அவனே எடுத்து அவள் கையில் வைத்தான்.