மேல்வீட்டுத் தண்ணீர்

எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு கறை இருந்தது. முதலில் பொட்டு அளவு. பிறகு தட்டு அளவு. அதற்குப் பிறகு அளவு சொல்ல வீட்டில் பாத்திரம் இல்லை.

கறைக்கு நேர் மேலே மேல்வீட்டம்மாவின் குளியலறை. அவர் குளிக்கும்போது பாடுவார். பாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் கீழே சொட்டத் தொடங்கும். பாட்டு நிற்கும். சொட்டு நிற்காது. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

“என் வீட்டுலேருந்தா? ஒரு சொட்டு இறங்காது,” என்றார் அவர். “இப்பதான் டைல்ஸ் போட்டிருக்கேன். நீல டைல்ஸ். வந்து பாருங்க தம்பி. கண்ணாடி மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் குழாய் டைல்ஸுக்கு அடியில் ஓடியது.

“அப்ப தண்ணி எங்கேருந்துக்கா வருது?”

“மழை.”

“மழையே பெய்யலையே.”

“முன்ன பெய்ஞ்சது இப்ப இறங்கும். சுவர் குடிச்சு வச்சிருக்கும்.”

எங்கள் குடியிருப்பில் ஒரு விதி. மேல்வீட்டுக்காரர் தன் வீட்டுத் தண்ணீர்தான் என்று வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அவர் வீட்டுத் தரையில் யாரும் உளி வைக்க முடியாது. அந்த விதியை எழுதியவர் நிச்சயம் மேல்மாடியில் குடியிருந்திருப்பார்.

எங்களுக்கு இருப்பது இரண்டு அறைகள். ஒன்றில் கடைச் சரக்கு. மற்றொன்றில் கறை. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சில மாதம் எங்களோடு வந்து இருப்பதாகச் சொல்லியிருந்தாள். பிறகு கறையின் படத்தைப் பார்த்தாள்.

“சீலிங் காய்ஞ்சாத்தான்பா வருவேன். குழந்தைக்கு ஈரமே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.”

என் மனைவி பேரனைக் கைபேசியில்தான் பார்த்திருந்தாள். திரைக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்து அது மங்கலாகிவிட்டது. துடைத்துத் தருவது என் வேலை.

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் இன்சூரன்ஸ் முகவர். எந்த ஆபத்திலும் நிதானம் இழக்காதவர். ஆபத்தெல்லாம் அடுத்தவர் வீட்டில் என்பதால் அது அவருக்குச் சுலபம்.

“பார்க்கலாம் சார்,” என்றார்.

அவர் பார்க்க வரவில்லை. மறுபடி போனேன். மறுபடியும் பார்க்கலாம் என்றார்.

ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். மேலே பாட்டு தொடங்கியது. என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. படுத்த நிலையிலேயே கூரையைப் படம் எடுத்துச் செயலாளரின் எண்ணுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: ‘இன்னும் எத்தனை நாள் இந்த விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது?’

மறுநாள் பதில் வந்தது. ‘வாழ்த்துகள்! உங்கள் படைப்பு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியுள்ளது.’

காய்ச்சல் ஏறிவிட்டது என்று நினைத்து மனைவியிடம் காட்டினேன். அவளும் அதையேதான் படித்தாள்.

“வீடு ஒழுகுறதுக்கு வாழ்த்தா? லிஃப்ட் பக்கத்துல என்னமோ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அதைப் போய்ப் பாருங்க முதல்ல.”

போய்ப் பார்த்தேன். சங்க ஆண்டு விழாவுக்குப் புகைப்படப் போட்டி. தலைப்பு, எதிர்பாராத இடத்தில் அழகு. படங்களை அனுப்ப வேண்டிய எண், செயலாளருடையது. புகார்களுக்கும் அதே எண்தான்.

அவரைக் கூப்பிட்டேன்.

“சார், அது புகார்.”

“அந்தக் கோபம் படத்துல அப்படியே தெரியுது சார். நடுவரும் அதான் சொன்னாரு. நீங்க கீழ எழுதின வரியை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சாரு.”

“மேல்வீட்டுத் தண்ணி சார் அது.”

“அதை அவங்கதான் ஒத்துக்கணும். போட்டியில அந்தத் தொந்தரவே இல்ல. யாரும் எதையும் ஒத்துக்க வேண்டாம்.”

நடுவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். இறுதிச் சுற்றுப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களை நேரில் பார்ப்பது அவர் வழக்கம். வந்தார். கூடவே செயலாளரும் வந்தார். புகாருக்கு வராத மனிதர் கலைக்கு வந்தார்.

“எங்கேருந்து எடுத்தீங்க?” என்றார் நடுவர்.

கட்டிலைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் இடத்தில் படுத்தார். தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்களும் படுங்க சார். நின்னுட்டுப் பார்த்தா இது பிடிபடாது.”

செயலாளர் என் மனைவியின் இடத்தில் படுத்தார். தேநீரோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். அப்படியே திரும்பிப் போனாள். சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இவங்க எந்திரிப்பாங்களா, இல்ல போர்வை குடுக்கணுமா?”

நடுவர் கூரையைச் சுட்டினார். “பறவை. சிறகை மடிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்குது.”

“எனக்கும் பறவைதான் சார்,” என்றார் செயலாளர்.

“எனக்கு இவரோட அக்கா,” என்றாள் மனைவி, தேநீரை வைத்தபடி. “மூக்கைப் பாருங்க. அப்படியே இருக்காங்க.”

மேலே பாட்டு கேட்டது. சற்று நேரத்தில் செயலாளரின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டார்.

“தத்ரூபம் சார்,” என்றார்.

கிளம்பும்போது நடுவர் என் கையைப் பிடித்தார். “பரிசளிப்பு விழா வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது.”

“கை வைக்க ஆள் கிடைக்காமத்தான் சார் இங்க வந்து நிக்குது,” என்றாள் மனைவி.

செய்தி பரவியது. காவலாளி எனக்குச் சல்யூட் வைத்தார். அதுவரை அவர் என் சைக்கிளுக்குக்கூட நகர்ந்ததில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்கள். மனைவி படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றினாள். ஒரு கட்டத்தில் விரிப்பை எடுத்துவிட்டுப் பாய் போட்டாள்.

கடையில், கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே அந்தப் படத்தைப் பெரிதாக மாட்டினேன். பார்வை சோதிக்க வந்தவர்களிடம் அதைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒருவர் கறை என்றார். அவருக்கு இன்னும் அதிக பவர் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று யோசித்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை காலம் மற்றவர்கள் பார்க்க உதவி செய்தவன். நான் எதைப் பார்த்தேன் என்று யாரும் கேட்டதில்லை. தெருவில் போகும்போது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

“தலைய நேரா வச்சுட்டு நடங்க,” என்றாள் மனைவி. “சுளுக்கிக்கப் போகுது.”

ஒரு மாலை மேல்வீட்டம்மா வந்தார். பலமுறை கூப்பிட்டும் வராதவர்.

“எங்க, அதைக் காட்டுங்க.”

படுத்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நல்லாத்தான் வந்திருக்கு.”

சொந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கிறவர் குரல் அது. மனைவி என்னைப் பார்த்தாள்.

“மழை எப்படி வரைஞ்சிருக்கு பாருங்கக்கா,” என்றாள்.

“மழைக்கு இவ்வளவு கைவேலை தெரியுமா?” என்றார் மேல்வீட்டம்மா. உடனே வாயை மூடிக்கொண்டார். எழுந்து சேலையை உதறிக்கொண்டு மேலே போனார்.

அதிலிருந்து காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாட்டு கேட்டது. நீளமான பாட்டுகள். பறவைக்கு வால் முளைத்தது. மனைவி கண்ட என் அக்காவுக்கு இரட்டை நாடி வந்தது. நாங்கள் கட்டிலை மூலைக்குத் தள்ளினோம்.

விழா நாள் காலை மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

“பரிசு உங்களுக்குத்தானாம். செயலாளர் வீட்டம்மா சொன்னாங்க. மேடையில பேசச் சொல்வாங்க.”

“தயார் பண்ணி வச்சிருக்கேன்.”

“என்ன பேசப் போறீங்க?”

“ஒளியைப் பத்தி. பொறுமையைப் பத்தி. பார்க்குற பழக்கத்தைப் பத்தி.”

“அதெல்லாம் வேணாம். எல்லாம் மழை செஞ்சதுன்னு சொல்லுங்க. மேல்வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லுங்க. அந்தம்மாவுக்கு வயித்தெரிச்சல்ல ராத்தூக்கம் இல்ல. பொறுக்க மாட்டாங்க.”

“அப்ப நான் எடுத்த படம்?”

“நீங்க படுத்துக்கிட்டு பட்டனை அமுக்கினீங்க.”

எனக்கு அது சுருக்கென்றது. காப்பியைக் கீழே வைத்தேன்.

“கோபப்படாதீங்க,” என்றாள். “பரிசுக் கோப்பை வேணுமா, பேரன் வேணுமா? அதை மட்டும் சொல்லுங்க.”

சட்டையைத் தேய்க்கப் போனேன்.

விழா வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். விசிலடிக்கும் மைக். ஒரு தாங்கியில் எங்கள் கூரை, கதவு அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்டு நின்றது. அதன் கீழே என் பெயர். என் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் நான் கடைப் பலகையில்கூடப் பார்த்ததில்லை.

கோப்பையைக் கொடுத்தார்கள். மைக்கையும் கொடுத்தார்கள்.

“ஒளி என்பது...” என்று தொடங்கினேன்.

முன்வரிசையில் மனைவி இருமினாள். அவளுக்குச் சளி இல்லை. அவள் மடியில் கைபேசி இருந்தது. திரையில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஒளி இருக்கட்டும்,” என்றேன். “இந்தப் படத்தில் நான் செய்தது ஒன்றும் இல்லை. எல்லாம் மழை.”

கைதட்டினார்கள். தொடர்ந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் மழைக்குக் கொடுத்தேன். மழையின் பொறுமை. மழையின் பார்வை. யாரும் கவனிக்காத இடத்தில் நாள்தோறும் உழைக்கும் மழையின் அடக்கம்.

“எங்கள் மேல்வீட்டு அக்காவுக்கும் இதற்கும் துளி சம்பந்தம் இல்லை,” என்று முடித்தேன். “அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.”

இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் விழுந்தது.

“மழையாம் மழை!” மேல்வீட்டம்மா எழுந்து நின்றிருந்தார். “மழைக்கு என்னய்யா தெரியும்? வருஷத்துல நாலு நாள் வந்துட்டுப் போறது. தினமும் எழுந்து குளிக்கிறது யாரு? வால் வேணும்னு இந்தக் குளிர்ல சாயங்காலமும் குளிச்சது யாரு? மழையா?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“அது என் தண்ணி. என் குழாய்லேருந்து, என் டைல்ஸுக்கு அடியில வந்தது. பேர் போடுறதுன்னா ரெண்டு பேர் பேரையும் போடணும்.”

செயலாளர் என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார். முதல்முறையாக அவர் முகத்தில் நிதானம் இல்லை.

“அதாவது, உங்க குளியலறையிலேருந்துதான் ஒழுகுதுன்னு சொல்றீங்க?”

“ஆமாங்கிறேன்! இன்னும் எத்தனை தடவை சொல்றது?”

அப்போதுதான் மேல்வீட்டம்மாவுக்கு உறைத்தது. சரியான லென்ஸ் விழுந்ததும் வாடிக்கையாளர் முகம் மாறுவதை நான் தினமும் பார்க்கிறேன். அந்த மாற்றம். வாய் திறந்தது. மறுத்திருப்பார்.

மனைவி அதற்குள் மேடை ஏறிவிட்டாள். என் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினாள். நான் சற்று இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது பிடுங்கியபோதுதான் தெரிந்தது. இறங்கிப் போய் மேல்வீட்டம்மாவிடம் கொடுத்தாள்.

“வாங்கிக்குங்கக்கா. உங்க உழைப்பு.”

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கையில் கோப்பையும் எதிரே கைதட்டலும் இருக்கும்போது சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. மேல்வீட்டம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பிறகு கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்.

“அப்ப நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லிடலாம்,” என்றார் செயலாளர்.

நடுவர் பதறினார். “உடைக்கவா? பரிசு குடுத்த கையோடவா? இது இனிமே கிடைக்காதுங்க!”

“மூட்டை கட்டித் தரேன் சார்,” என்றாள் மனைவி. “உங்க வீட்டு விட்டத்துல ஒட்டிக்குங்க.”

கொத்தனார் வந்தார். நீல டைல்ஸில் உளி இறங்கும் ஒவ்வொரு முறையும் மேல்வீட்டம்மா “ஐயோ” என்றார். ஆனால் அடுத்த மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தபோது, “இங்கேருந்துதாங்க எல்லாம் ஆரம்பிச்சுது,” என்று பள்ளத்தைக் காட்டினார். குழாய் வளைவில் மயிரிழை அளவு விரிசல். கொத்தனார் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதுக்கா இவ்வளவு, என்றார்.

கீழே எங்கள் அறையில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். பறவை துண்டு துண்டாக விழுந்தது. கூட்டி அள்ளியபோது சாக்கில் பாதிகூட வரவில்லை. நடுவர் வந்து ஒரு துண்டை எடுத்துப் போனார். எந்தப் பகுதி என்று அவருக்கும் தெரியவில்லை.

புதுப் பூச்சு காய்ந்தது. வெள்ளை அடித்தோம். மேலே பாட்டு கேட்டது. நானும் மனைவியும் அண்ணாந்து நின்றோம். ஒன்றும் விழவில்லை. அவள் என் தோளில் தட்டிவிட்டுத் தொட்டில் கயிற்றைத் தேடப் போனாள்.

மகளுக்குப் போன் போட்டேன்.

“சீலிங் காய்ஞ்சிடுச்சும்மா. கிளம்பி வா.”

“ஞாயித்துக்கிழமை வரேன்பா. எங்கப்பா முதல் பரிசுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் படத்தைக் காட்டினேன். வந்ததும் உங்க பேரனை அந்தக் கறைக்குக் கீழ படுக்க வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்.”

நான் சற்று நேரம் கூரையைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.