கூத்தனேரியில் அடைமழைக்கு ஏற்ற இரை

கூத்தனேரியில் மழைக்காலத்து மீன்கள் வெறும் மண்புழுவைக் கடிப்பதில்லை. யாரிடமாவது சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைப் புழுவோடு சேர்த்துக் கோக்க வேண்டும். தூண்டில் முள்ளை வாயருகே பிடித்து, அந்தச் சொல்லை அதன்மேல் மெல்லச் சொல்லிவிட்டு வீச வேண்டும். மீன் விழுங்கிவிட்டால் சொல் போனதுதான். பிறகு உரியவர் எதிரில் வந்து நின்றாலும் அது வாயில் வராது.

தூறலுக்குச் சின்னச் சொல் போதும். தூறலில் கெண்டைகள் கரையோரம் முழுகிய புல்லுக்குள் மேய வரும். மளிகைக்கடைக்காரரிடம் கேட்காமல் விட்ட ‘பருப்பில் ஏன் இத்தனை கல்’ என்பதைக்கூட ஆசையாகக் கவ்வும். அடைமழையில் அது பலிக்காது. வரத்துக் கால்வாய் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டி ஏரியைக் கலக்கிவிடும். மீனுக்குக் கண் தெரியாது, காதுதான். அப்போது செந்தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேருகிற இடத்தில், கனமான சொல்லாகப் பார்த்து அடிமண் வரைக்கும் இறக்க வேண்டும். இடி இடித்தால் கழியைப் போட்டுவிட்டு மேட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

அஞ்சலாட்சி அதிகம் பேசாதவள். அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் அவள் கூடைதான் முதலில் நிறையும். பக்கத்துவீட்டுப் பச்சையம்மாள் மனதில் பட்டதை அப்போதே சொல்லிவிடுகிற மனுஷி. அவளுக்கு இதுவரை ஒரு பொடிமீன்கூட மாட்டியதில்லை.

இந்த வருஷம் மழை விடவே இல்லை. மாமியாரிடம் பேசாமல் அடக்கியதெல்லாம் ஐப்பசி பிறந்த கையோடு தீர்ந்துவிட்டது. செத்துப்போன கணவருக்கென்று வைத்திருந்த இரண்டு நல்ல வார்த்தைகளையும் அஞ்சலாட்சி ஒரு கெளுத்திக்குக் கொடுத்தாள். மிச்சம் ஒன்றே ஒன்று. அது தங்கை கோமளாவுக்கு உரியது.

கோமளாவின் வீட்டுக்காரர் இறந்த அன்று மழை நல்ல பதத்தில் பெய்துகொண்டிருந்தது. சேதி வந்தபோது அஞ்சலாட்சி ஏரிக்கரையில் இருந்தாள். மீன் ஓயாமல் கடித்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, உடலை எடுத்துப் போய் வீட்டைக் கழுவியும் விட்டிருந்தார்கள். கோமளா ஒன்றும் கேட்கவில்லை. ‘நான் அப்பவே வந்திருக்கணும்டி’ என்ற சொல் அன்றிலிருந்து அஞ்சலாட்சியிடம் இருந்தது. எந்த மழைக்கும் அவள் அதை எடுத்ததில்லை.

வயிற்றில் ஆபரேஷன் ஆகித் தையல் பிரித்த பிறகு கோமளா போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. விரால் கெடச்சா கொழம்பு வையி. புண்ணு சீக்கிரம் ஆறும்ங்கறாங்க.”

அத்தனை வருஷத்தில் அவளாக வருகிறேன் என்றது அதுதான் முதல் தடவை. சாப்பாடு ஆனதும் சொல்லிவிடுவது என்று அஞ்சலாட்சி முடிவு செய்தாள்.

சனிக்கிழமை அடைமழை. கரையில் நின்றபடியே புதிதாக ஒரு சொல்லை யோசித்து உண்டாக்கி வீசிப் பார்த்தாள். மீன் மோந்துவிட்டுத் துப்பியது. குடையோடு வந்து பக்கத்தில் நின்றாள் பச்சையம்மாள்.

“உங்கிட்ட ஒண்ணு கைமாத்தா இருக்குமா?” என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

“எங்கிட்ட ஏதுடி? காலைல எம்புருஷனுக்குன்னு ஒண்ணு அடக்கி வச்சிருந்தேன். அந்தாளு பல்லு வெளக்கி முடிக்கறதுக்குள்ள சொல்லித் தொலைச்சிட்டேன்.” பச்சையம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். “தங்கச்சிக்குன்னு ஒண்ணு வச்சிருக்கியே, அதப் போடேன்.”

“அத நாளைக்கு அவகிட்ட சொல்லணும்.”

“சொல்லு. மீனில்லாம வெறும் ரசத்த ஊத்திட்டுச் சொல்லு. கேட்ட ஒடனே வயித்துப் புண்ணு ஆறிடும்.”

அஞ்சலாட்சி முள்ளில் புதுப் புழுவைக் கோத்தாள். கோமளா வாய்திறந்து கேட்டது விரால்தான். சொல்லை அவள் என்றைக்கும் கேட்டதில்லை. முள்ளை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னாள். சொல்லும்போது பச்சையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தக்கை ஆடவில்லை, நேராக உள்ளே போயிற்று. விரால் முழங்கை நீளம் இருந்தது.

மறுநாள் கோமளா நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கை காயும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா.”

“ம்.”

“எங்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா?”

அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். சொல் இருந்த இடம் நன்றாகத் தெரிந்தது. உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்க்கலாம்போல அத்தனை காலியாக இருந்தது.

“நடுத்துண்டு ஒண்ணு இருக்கு. போடட்டா?”

கோமளா அக்காவையே பார்த்தாள். “போடு,” என்றாள்.

சாயங்காலம் மினி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் அஞ்சலாட்சி கவனித்தாள். கோமளா அந்தச் சொல்லுக்கான தன் பதிலையும் கூட அழைத்து வந்திருந்தாள். மதியம் முழுக்க அது வாசலில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றிருந்தது. சொல் வருவதற்கு முன்னால் பதில் உள்ளே வருகிற வழக்கம் இல்லை. கோமளா முந்தானையால் அதன் தலையைத் துவட்டி, “வா, போலாம்,” என்றாள். அஞ்சலாட்சி உள்ளே போய் ஒரு யூரியா சாக்கை எடுத்துவந்து, மடித்து, நனையாதபடி அதன் தலையில் போட்டுவிட்டாள்.

கண்டக்டர் பஸ் கதவோரம் கீறியிருந்த கோட்டில் அதை நிறுத்திப் பார்த்தார். ஒரு விரல் குறைவாக இருந்தது.

“அரை டிக்கெட்தாம்மா. ஆனா அடுத்த மழைக்குள்ள வளந்துடும். அப்புறம் முழு டிக்கெட்.”

“சரிங்க,” என்ற கோமளா, ஜன்னலோர இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்தாள்.