கிளியை எழுதியவர்கள்

தம்பி போனில் கூப்பிட்டபோது அக்கா ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அவள் போனைத் தொடுவதில்லை. அவன் விடாமல் அடித்ததால் எடுத்தாள்.

"அக்கா, ஸ்டேஷன்ல நம்ம கிளி பேசுது."

"எந்தக் கிளி?"

"எத்தனை கிளி வெச்சிருக்க? நீ எழுதுனதுதான். புதுசா டிக்கெட் மெஷின் வெச்சிருக்காங்க. காதுல மாட்டிக் கேட்டா இருபத்தேழுன்னு சொல்லுது, அதே விக்கலோட."

கிளி என்பது எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள். கல்லூரியில் வரலாறு நடத்தும் தம்பிக்குப் பார்வை முழுவதும் போனபோது, கடையில் கிடைத்த மென்பொருள்கள் எல்லாம் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசின. மூட்டு வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் பயிற்சி கொடுப்பது அக்காவின் தொழில். கணினிக்கும் அவளுக்கும் அதுவரை ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தானாகவே கற்றுக்கொண்டு, தட்டுத்தடுமாறி, கிளியை எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தாள். முகம் தெரியாத நாலைந்து பேர் எங்கெங்கிருந்தோ வந்து கூட வேலை செய்தார்கள். காசு வேண்டாம், எழுதியவர்களின் பெயர்களைக் கூடவே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்தப் பெயர்களும் பெற்றோர் வைத்தவை அல்ல. நோயாளிகள் 'மூட்டு டாக்டர்' என்று கூப்பிடுவதால் அவள் 'மூட்டு'. ஒவ்வொரு பிசிறையும் கேட்டுச் சொல்லும் தம்பி 'காது'. மற்றவர்களில் ஒருவர் 'பழைய சைக்கிள்', இன்னொருவர் 'ஞாயிற்றுக்கிழமை'.

மதியம் அவளே ஸ்டேஷனுக்குப் போனாள். வரிசையாகப் புது இயந்திரங்கள் நின்றன. காதில் மாட்டிக் கேட்டாள். கிளியேதான். 'இயந்திரத்தைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருந்தன. எழுதியவர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

பின்னால் நின்றவர் செருமியதும் நகர்ந்துகொண்டாள். முதலில் வந்தது கோபம் இல்லை, பெருமைதான். அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"தூக்கிட்டுப் போயிருக்காங்க, நீ பூரிச்சுப்போய் நிக்கிற" என்றான் தம்பி, மாலையில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு.

"தூக்கிட்டுப் போகச் சொல்லித்தானே வெச்சிருக்கோம்."

"பேரோட தூக்கிட்டுப் போகச் சொன்னோம்."

நிறுவனத்துக்கு எழுதினாள். உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று பதில் வந்தது. அதைக் கிளியே படித்துச் சொன்னது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு ஒரு காலையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே, எந்த வலியும் இல்லாத மாதிரி ஓர் ஆள் இருந்தார். தன் முறை வந்ததும் உள்ளே வந்து நின்றுகொண்டே பேசினார்.

"எங்க வலி?" என்றாள்.

"வலி இல்லைங்க. கிளி விஷயமா வந்தேன். மெஷின்ல அதை வெச்சது நான்தான்."

அவர் அந்த நிறுவனத்தின் புரோகிராமர். பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தாராம். இயந்திரத்துக்கு இடம் போதவில்லை என்று வேறு யாரோ வேண்டாதவற்றைக் கழித்தபோது அதுவும் போய்விட்டதாம். அவளுடைய கடிதம் மூன்று மேஜை சுற்றி அவர் கைக்கு வந்திருக்கிறது.

"வேணும்னு பண்ணலைங்க. ஆனா சரிபார்க்காதது என் தப்புதான்."

"அதுக்கு நேர்ல வரணுமா?"

"எழுதினா நீங்க நம்புவீங்களான்னு தெரியல."

வந்த ஆளைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், அவர் தோள் இறங்கியிருந்ததைப் பார்த்து ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் அக்காவும் தம்பியும் நிறுவனத்துக்குப் போனார்கள். கண்ணாடி அறையில் மேலாளரும் வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் போடுவதில் ஆட்சேபம் இல்லை என்றார் மேலாளர். உதவிப் பொத்தானை அழுத்தினால் கிளியே படித்துச் சொல்லும்படி செய்துவிடலாம். ஆனால் நிஜப் பெயராக இருந்தால் தேவலை.

"மூட்டு, காது, பழைய சைக்கிள்னு மெஷின் சொன்னா ஜனங்க சிரிப்பாங்களே, மேடம்."

"சிரிச்சா டிக்கெட் வராதா?" என்றான் தம்பி.

வக்கீல் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார். நிபந்தனையில் பெயர் என்றுதான் இருக்கிறது, எந்தப் பெயர் என்று இல்லை என அவரே மேலாளருக்கு விளக்கினார். கூடவே, புரோகிராமர் தன் வேலை நேரத்தில் பாதியைக் கிளிக்குக் கொடுப்பார் என்றும், திருத்துவதை எல்லாம் எல்லோருக்குமாகத் திருப்பித் தருவார் என்றும் முடிவானது.

புரோகிராமர் முதலில், எண் சொல்லும்போது கிளிக்கு வரும் விக்கலைத் தீர்த்தார். அவள் வருடக்கணக்காக மல்லுக்கட்டியது அது. இருபத்தேழைக் கேட்டுவிட்டுத் தம்பி, "போச்சு, இனிமே அடையாளமே தெரியாது" என்றான். ஆனாலும் அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவதாக அனுப்பியதில்தான் தகராறு. ஸ்டேஷனில் வரிசை நீள்கிறது என்று, சொற்களுக்கு நடுவே கிளி விடும் இடைவெளியைப் பாதியாக வெட்டியிருந்தார். தம்பி ஒரு தடவை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அவள் சேர்க்க முடியாது என்று எழுதிவிட்டாள்.

மறுநாள் மேலாளரே கூப்பிட்டார். "பேர் போட்டோம், ஆளைக் கொடுத்தோம். நாங்க கேக்கறதை மட்டும் சேர்க்க மாட்டீங்களா?"

"பேர் போட்டது ஏற்கனவே எழுதுனதுக்கு. இனிமே எழுதறது நல்லா இருந்தாத்தான் சேர்ப்போம். நான் எழுதுனதையே காது நிறைய தடவை வேணாம்னு சொல்லியிருக்கான்."

அவர் போனை வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. பல நாள் பேச்சில்லை. ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். எவ்வளவு வருத்தம் என்று தனக்குள் தேடிப் பார்த்தாள், அதிகம் இல்லை. தம்பிதான் இருப்புக்கொள்ளாமல் தினமும் கேட்டான்.

நிறுவனம் நாலைந்து இயந்திரங்களில் மட்டும் வெட்டிய குரலைப் போட்டுப் பார்த்திருக்கிறது. எண் பிடிபடாமல் ஆட்கள் 'மறுபடி சொல்' பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க, வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. புரோகிராமர் அதை மறைக்காமல் எழுதினார். அன்று மாலையே தம்பி அவரைக் கூப்பிட்டுப் பேசினான்.

"ஊர்ப் பேருக்கு அப்புறம் இடைவெளியே வேணாம், அது எங்களுக்குத் தெரிஞ்ச ஊருதானே. எண்ணுக்கு முன்னாடி மட்டும் கை வைக்காதீங்க."

இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். புதிதாக வந்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது. வரிசையும் குறைந்தது. அக்கா அதைச் சேர்த்துக்கொண்டு, எழுதியவர்கள் பட்டியலில் புரோகிராமரின் பெயரையும் போட்டாள். அவர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"எங்க ஆபீஸ்ல ஊழியர் பேர் வெளிய போகக்கூடாதுங்க. கம்பெனி பேர் மட்டும்தான் போகணும்."

"இத்தனை வருஷம் வேலை செஞ்சிருக்கீங்க. உங்க பேர் எதுலயாவது இருக்கா?"

"விசிட்டிங் கார்டுல இருக்கு" என்றார்.

"கம்பெனி பேர் பக்கத்துல இருக்கட்டும்" என்றாள். "ஆனா உக்காந்து எழுதுனது நீங்கதானே. வேணாம்னு நீங்க சொன்னா எடுத்துடறேன். மேலாளர் சொன்னா எடுக்க மாட்டேன்."

இரண்டு நாள் கழித்து அவர், 'இருக்கட்டும்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினார். மேலாளர் முணுமுணுத்தார். எழுதுகிறவர் பெயர் எழுதியதோடு போவதுதான் ஒப்பந்தம் என்று வக்கீல் சொன்னதும் அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு புரோகிராமர் வேறு நிறுவனத்துக்குப் போனார். அங்கே சரக்கு ஏற்றும் கிரேன்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. கிளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் விடுமுறை நாட்களில் ஏதாவது ஒரு திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார். பழைய இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுடைய முதல் கடிதம் மரியாதையாக இருந்தது. முந்தையவர் இப்போது இங்கே இல்லாததால் அவர் பெயரை இயந்திரத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று மேலிடத்தில் கேட்கச் சொன்னார்களாம்.

நோயாளி ஒருவர் வெளியே காத்திருந்ததால் அக்கா நீட்டி முழக்கவில்லை. முந்தையவர் போய்விட்டாலும் அவர் எழுதியது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பெயரும் இருக்கட்டும் என்று எழுதினாள். கீழே, உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுவிட்டு, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாள்.