உறை போட்ட மைக்ராஸ்கோப்

பத்தொன்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலைய லேபில் அடுத்தவர் ரத்தத்தில் மலேரியாக் கிருமி தேடியவன் நான். புதுத் தொற்று வந்ததும் மேலிடம் சொன்னது: காய்ச்சல் என்று யார் வந்தாலும் மூக்கில் குச்சியை விடு, மற்றதெல்லாம் பிறகு. மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டேன். மலேரியாவுக்கு யார் லீவு கொடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். காய்ச்சலோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். குச்சியை விட்டதும் கண்ணில் நீர் முட்ட, "மாப்ள, மூளை வரைக்கும் போயிட்டியா?" என்றார்.

"இருந்தாத்தானே மச்சான் தட்டுப்படும்!"

சிரித்துக்கொண்டே போனார். தொற்று உறுதி என்று முடிவு வந்தது. மாடி அறையில் தனியாகப் படுக்க வைத்தோம். சாப்பாடு கதவுக்கு வெளியே.

ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள். "ஒரு நாள் கட்டிலே ஆடுற மாதிரி நடுங்குறாருடா. மறுநாள் தேவலாம்னு எழுந்து உக்காந்துடுறாரு. அதுக்கு அடுத்த நாள் மறுபடியும் நடுக்கம்."

"அதான் பாசிட்டிவ்னு வந்துடுச்சேக்கா. அது அப்படித்தான் படுத்தும்."

முன்பெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்ட நிமிஷமே ஊசியை எடுத்து விரலில் குத்தியிருப்பேன். ஒரு நோய் இருந்தால் இன்னொன்று வராது என்று எனக்கு எவன் சொன்னான்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழாம் நாள் காலை, அவர் அக்காவையே யார் என்று கேட்டார். ஓடினேன். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் எடுத்துக்கொண்டு, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன். உறையை உருவி எறிந்து, சாயம் போட்டு, கண்ணை வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் மோதிரம் மோதிரமாகக் கிருமி.

மலேரியா மாத்திரை எங்கள் லேப் அலமாரியிலேயே இருந்தது, என் கைக்கெட்டும் தட்டில். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "மலேரியாவும் இருக்குங்க, உடனே ஊசி போடுங்க" என்று கத்தினேன்.

"அந்த டிரைவரா? இப்பத்தாங்க போனாரு."

முகத்தைக்கூடக் காட்டாமல் மூடித்தான் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம செய்யாம விட்டது ஒண்ணுமில்லையேடா? அந்தப் பாழாப்போன வைரஸுக்குத்தான் மருந்தே கிடையாதே?"

ஸ்லைடு என் சட்டைப் பையில் இருந்தது.

"ஆமாக்கா. கிடையாது."

"பின்ன நீ ஏன்டா இப்படி அழற? நீ என்ன பண்ணுவ?" என்று முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.