நோன்பாளி முனாஸ்

ஐந்து பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் சாப்பாட்டில், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதை ஒளிக்க முடியாது. காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் முனாஸுக்கு அதுதான் சங்கடம். தங்கை மகள் இர்ஷானாவின் வலீமா, கலியாணப் பகல் விருந்து. தாய்மாமன் வராமல் இருக்க முடியுமா? பக்கத்துக் கடை ரிஸ்கான் இறைச்சியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"வேணாம் ரிஸ்கான், இண்டைக்கி நோன்பு."

பொய்! ஆறு மாதத்துக்கு முன் ஸ்கேன் பார்த்த டொக்டர், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சோற்றையும் இனிப்பையும் குறைத்து, தினமும் நடக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஈரல் வருத்தம் என்றாலே, குடிகாரனாக்கும் என்று கண்ணைக் காட்டுவார்கள். சாராயப் போத்தலைத் தொட்டும் பார்க்காத மனிதர் வெட்கத்தில் ஒடுங்கிப் போனார். நித்திரை கெட்டது. மனைவி நிஸ்றாவிடம்கூடச் சொல்லவில்லை. யார் விருந்துக்கு அழைத்தாலும் நோன்பு என்றார். மார்க்கப் பேணுதலான மனிதர் என்று பேர் வந்தது. அந்தப் பேர்தான் அவரை உள்ளுக்குள் அரித்தது.

நோன்பு என்றதைக் கேட்டு, மணப்பெண்ணின் வாப்பா ஸாஹிர் ஓடி வந்தார். "நல்லதாப் போச்சி மச்சான்! நோன்பாளிட துஆவ அல்லாஹ் தட்டமாட்டான், கபூலாகும். எங்கட புள்ளைக்கு ஒரு துஆ கேளுங்க."

எல்லோரும் கையேந்தினார்கள். முனாஸின் கை மட்டும் எழவில்லை.

"நான் நோன்பில்ல மச்சான். ஆறு மாசமாப் பொய் சொல்லித் திரிஞ்சன். எனக்கு ஈரல்ல கொழுப்பு. குடிச்சி வந்ததில்ல, கடையில குந்திக்கிட்டே திண்டு வந்தது."

ஊர் கூடிய இடத்தில் தன் நல்ல பேரைத் தானே கழற்றி வைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? முனாஸுக்கு வந்தது. அந்த மனிதரை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

ரிஸ்கான் கையில் எடுத்த இறைச்சியை மெல்லத் திரும்ப வைத்தார். "எனக்கும் அதுதான் காக்கா. போன வருஷம் சொன்னாங்க. நானும் ஆருக்கும் சொல்லல்ல."

"அப்ப நாளைக்கி விடிய சுபஹுத் தொழுதிட்டு வாவிக்கரையில நடப்பம், வாறியா?"

"வாறன் காக்கா."

ஸாஹிருக்குக் கண் கலங்கியது. "எங்களுக்கிட்டச் சொல்லியிருக்கலாமே மச்சான். நோகல்லியா?"

"ஈரல் ஒரு நாளும் நோகல்ல மச்சான். அத மறைச்சதுதான் நொந்திச்சி. நோய் வருத்தம் வந்தா வெக்கப்படாம வீட்டாக்களுக்குச் சொல்லிடணும், பாதிப் பாரம் அண்டைக்கே இறங்கிடும்" என்ற முனாஸ், இரு கைகளையும் ஏந்தினார். "இப்பக் கையத் தூக்குங்க. புள்ளைக்கு துஆ கேப்பம்."