ஒன்றும் நகரவில்லை

கல்லூரியில் மாமனாருக்கு ‘ஈதர்’ என்று பட்டப்பெயர். ‘ஈதர் வருது, பீடியை அணைடா’ என்று பையன்கள் பதறுவது அவர் காதிலும் விழும். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அதே இயற்பியல் துறையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த மருமகனோ, ஒளியலையைச் சுமக்க வெளியெங்கும் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும் அந்த ஈதர் என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிற கட்சி. இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் குடியிருந்தால் சாப்பாட்டு மேசை என்ன பாடுபடும்!

“அலைன்னா எதுலயாவது அலையணுமா இல்லையா, மாப்பிள்ளை?” என்று தட்டில் கை வைத்ததுமே அவர் ஆரம்பிப்பார். “தண்ணி இல்லாம கடலலை உண்டா? காத்து இல்லாம சத்தம் உண்டா? சூரியன்லேர்ந்து வெளிச்சம் வருதே, நடுவுல ஒண்ணுமே இல்லாமலா இவ்வளவு தூரம் வருது?”

“ஒண்ணும் வேண்டாம் மாமா. வெளிச்சத்தோட வேகம் யார் அளந்தாலும் ஒண்ணுதான்னு வெச்சுக்கிட்டா எல்லாக் கணக்கும் சரியா வருது. புதுக் கொள்கையில ஈதருக்கு வேலையே இல்லை.”

“கணக்கு வரும். வெளிச்சம் வருமா?”

“அப்ப உங்க ஈதர் ஏன் ஒரு சோதனையிலயும் அகப்படலை?”

“ஈதர் காத்துக்கு எதிரே ஓடுற எந்தப் பொருளும் கொஞ்சம் சுருங்கிடுது. அளவுகோலும் சேர்ந்து சுருங்குது. அப்புறம் எப்படித் தெரியும்?”

“எல்லாம் சுருங்குது, உங்க பிடிவாதம் மட்டும் சுருங்கலையே மாமா!”

அதோடு இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு பேச்செல்லாம் மகள் வழியாகத்தான். ‘உன் வீட்டுக்காரர்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா.’ ‘உங்கப்பாகிட்ட உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லு.’ அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் ஈதர். நான் எழுந்து போயிட்டா ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகாது, பாத்துக்கோங்க” என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவள் எழுந்தே போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னது அப்படியே பலித்தது. இப்போது மேசையில் உப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கும். வேண்டியவர் எழுந்து போய் எடுத்துக்கொள்வார். சண்டை போடக்கூட இருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவருக்கொருவர் உறவு என்று எதைச் சொல்வது என்றே தெரியாமல் இரண்டு ஆண்கள் அந்த வீட்டில் விளக்கேற்றி விளக்கணைத்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கல்லூரியின் நிலவறையில் மாமனார் சொந்தச் செலவில் கட்டிய கருவி இருந்தது. வட்டத் தொட்டியில் பாதரசம். அதன்மேல் மிதக்கும் பெரிய சதுரக் கல். கல்லின் மூலைகளில் கண்ணாடிகள். ஒரே விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, மறுபடி சேர்த்தால், கல்லில் பொருத்திய பார்வைக் குழாயில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் தெரியும். பூமி ஈதருக்குள் ஓடுவது நிஜமானால், கல்லைத் திருப்பும்போது அந்தப் பட்டைகள் நகர வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் போதும், கல் ஓசையில்லாமல் சுற்றும். பார்ப்பவர்தான் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் செக்குமாடு மாதிரி கூடவே சுற்றிவர வேண்டும்.

சுற்றியவள் மகள்தான். அப்பா தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாராவாரம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: “ஒண்ணும் நகரலப்பா.” அவள் போன பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. மருமகன்தான் ஒரு ஞாயிறு தானாக இறங்கிப்போய்க் குழாயில் கண்ணை வைத்தான். இல்லாத ஒன்றைத் தேட வேறு யார் வருவார்கள் அவருக்கு?

இப்போது அவனுக்குத் தூர தேசத்தில் ஒரு வானாய்வு நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. போகிறேன் என்று பதிலும் எழுதிவிட்டான். அதை மாமனாரிடம் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. அவன் போனால் கல்லோடு நடக்க ஆள் கிடையாது. சோதனை அத்தோடு முடிந்தது. வெறுங்கையோடு இவரை எப்படி விட்டுப்போவது என்று யோசித்து யோசித்துப் பார்த்தான். கடைசியில் ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் போவது என்று முடிவுகட்டினான். இயற்பியல் படித்தவன் செய்யக்கூடாத காரியம்தான். அன்றைக்கு அவனுக்கு இயற்பியல் பெரிதாகப் படவில்லை.

அந்த ஞாயிறு காலை மாமனார் விளக்கை ஏற்றிக் கல்லைத் தள்ளினார். அவன் நடந்தான்.

“மாமா... நகருது.”

பென்சில் நின்றது. “எவ்வளவு?”

“பட்டை அகலத்துல கிட்டத்தட்ட பாதி. இப்ப திரும்பி வருது. அந்தப் பக்கச் சுவருக்கு நேரா மறுபடியும் நகருது.”

ஈதர் கட்சிக்காரர்கள் எதிர்பார்க்கும் அளவை ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தபடியே அவன் இன்னொரு சுற்று வந்தான். மேலே தெருவில் இரும்புக் கம்பி ஏற்றிய வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. அவன் சொல்லிக்கொண்டே நடந்தான். மாமனார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“மேல வண்டி போச்சு, மாப்பிள்ளை.”

அவன் நின்றுவிட்டான்.

“வண்டி போனா பட்டையெல்லாம் நடுங்கிக் கலைஞ்சு போயிடும். என் பொண்ணு ‘பொறுங்கப்பா’ம்பா. அது நிக்கற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க மூச்சுக்கூட விடாம அளவு சொல்றீங்க.”

அவன் குழாயிலிருந்து கண்ணை எடுத்தான்.

“என் மேல அவளுக்கு இல்லாத பாசமா? அவளே ஒருநாளும் எனக்காக அதை நகர்த்தலை. நாளைக்கும் கூட இருக்கப்போறவ, அதனால நிஜத்தைச் சொன்னா.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எப்போ கிளம்பறீங்க?”

“அடுத்த வாரம்.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா. சொல்றதுக்கு நடுவுல அவ இல்லையே.”

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இப்ப நீங்கதானே சொன்னீங்க? எனக்குக் கேட்டுச்சே” என்றார். “நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆனாலும் வந்து சேந்துடுச்சு, மாப்பிள்ளை.”

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருஷம் மேசையில் அவன் ஜெயிக்க நினைத்த வழக்கு அது. இப்படி ஜெயிப்பதற்குத் தோற்றே போயிருக்கலாம் என்று இருந்தது.

“ஒரே ஒரு சுற்று” என்றார் மாமனார். “இந்தத் தடவை இருக்கறதைச் சொல்லுங்க.”

விரலால் கல்லைத் தள்ளினார். அவன் கண்ணை வைத்து நடந்தான். பட்டைகள் நிலையாக, கறுப்பும் மஞ்சளுமாக, அவள் பார்த்த இடத்திலேயே நின்றன.

“ஒண்ணும் நகரல, மாமா.”

“சரி” என்று அவர் குறித்துக்கொண்டார். “அடுத்த சுவருக்கு நேரா?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். பட்டைகள் நடுங்கின, கலங்கி ஒன்றோடொன்று கரைந்து போயின. மேலே தெருவில் வண்டி எதுவும் போகவில்லை.

“பொறுங்க மாமா” என்றான்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.