மூணு செகண்டு எச்சரிக்கை

எல்லாரும் எப்படி இருக்கீங்க கண்ணுங்களா, உடம்பு சௌக்கியந்தானே? மூட்டு வலிக்காரங்க காலை நீட்டி உக்காந்துக்கோங்க, ஒருத்தி கதை சொல்றேன்.

அவளுக்குக் குரல்தான் பொழைப்பு. காசு வச்சு ஆடற சீட்டாட்ட ஆப் விளம்பரத்துல கடைசில கடகடன்னு ஒரு எச்சரிக்கை வருமே, காது கொடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுமே, அது இவதான். ஆப்பைத் திறந்தாலும் முதல்ல அதுதான் வரும். ஒரே மூச்சுல மூணு செகண்டு. ஸ்டுடியோவுல அவ பேரே 'மூணு செகண்டு'ன்னு ஆகிப்போச்சு.

அன்னிக்கு மத்தியானம் மைக் முன்னாடி நின்னவ கடகடன்னு ஓட்ட மாட்டேன்னுட்டா. எச்சரிக்கையைப் புரியற மாதிரி நிதானமாச் சொல்லணும்னு புதுசா சட்டம் வந்திருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டுடியோ முதலாளி.

"சட்டம் அமலுக்கு வர்றது அடுத்த மாசந்தாம்மா. இன்னிக்கு வழக்கம் போல ஓட்டிடு."

"நிதானமாவே சொல்றேண்ணே."

"அப்படிச் சொன்னா எவன் ஆடுவான்? அதுக்கு விளம்பரமே போட வேண்டாமே."

"ஒருத்தராவது கேட்டு நிறுத்தட்டுமே."

"ஆடறவன் பச்சக் குழந்தையா? இங்க தடுத்தா திருட்டு ஆப்புக்குப் போவான். அங்க எச்சரிக்கையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

அவர் பேச்சுலயும் நியாயம் இல்லாம இல்ல. ஆனா இவளுக்கு வெளிய வரவேற்பறைல இருக்கற தம்பி நெனப்பு. அந்த ஆட்டத்துல வேலையைத் தொலைச்சவன். எட்டு மாசமாத் தொடல. தனியா விட பயந்துக்கிட்டு, போற எடமெல்லாம் கூட்டிக்கிட்டே திரியறா. அவன்கிட்டயே சொல்ற மாதிரி நெனச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னா. பதினோரு செகண்டு.

முதலாளி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். "ஆப் கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கறேன். அவங்க வேண்டாம்னா அடுத்த தடவை வேற ஆளு."

ஏதோ சாதிச்ச மாதிரி வெளிய வந்தா. தம்பி மூலையில குனிஞ்சு உக்காந்திருந்தான், கையில போன், மூஞ்சியெல்லாம் வேர்வை. உள்ள பேசறது வெளிய ஸ்பீக்கர்லயும் கேக்கும்னு அவ மறந்தே போயிருந்தா. திரையில அந்த ஆப் இறங்கிக்கிட்டிருந்துது.

"என்னடா இது?"

"நீ பேசினியேக்கா." அவன் தலை தூக்கல. "விளம்பரத்துல பாட்டு மாறும், ஆளு மாறுவான், உன் குரல் மாறாது. அது முடிஞ்ச கையோட ஆட்டம் தொடங்கும். இப்ப அதைக் கேட்டாலே கை தானாப் போகுது."

"எச்சரிக்கைதானேடா சொன்னேன்."

"நீ என்ன சொல்றேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா. அந்த விளம்பரம் எல்லாத்தையும் மொத்தமா எடுக்கச் சொல்லு."

"அது என் கையிலயா இருக்கு?"

"உன் குரல் உன்னுதுதானே."

அவ போனைப் பிடுங்கல, பிடுங்கினா வேற போன் தேடுவான்னு தெரியும். விறுவிறுன்னு உள்ள போனா.

"அண்ணே, இப்பப் பேசினதை அழிச்சிடுங்க. இனிமே இதுக்கு நான் பேசல."

"நீ போனா இன்னொருத்தி வருவா. விளம்பரம் நிக்காதும்மா."

"வரட்டும்ணே. அவ குரல் என் தம்பிக்குப் பழக்கமில்ல."

முதலாளி கையை விரிச்சார். "இதை அழிக்கறேன். ஆப்புக்குள்ள இருக்கற பழசு அந்தக் கம்பெனி கையில. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பி வந்தா, தம்பி போனை நீட்டினான். ஆப் முக்காவாசி இறங்கி நின்னிருந்துது. அவன் கட்டைவிரல் மட்டும் திரையை விட்டு நகரல.

"நீயே ஆப்பை அழிச்சிடுக்கா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம வா."

அவ தலையை மட்டும் ஆட்டினா.

உங்க வீட்டுல இந்த விளம்பரத்தால என்ன பாடு? எச்சரிக்கை போதுமா, மொத்தமா எடுத்துடணுமா, இல்ல முதலாளி சொன்னதுதான் சரியா? நடந்ததை நடந்தபடி எழுதுங்க, மூக்குக் கண்ணாடியைத் தொடச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.